பசிக்கு வைத்த பெயர்

காலை ஏழு பத்து. சமையலறை ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, பின்பக்க மதில்மேல் வரிசையாக வைத்திருந்த மூன்று இட்லி. நடு இட்லியின்மேல் தக்காளிச் சட்னிகூட ஊற்றியிருந்தது. ஒரு காக்கை ஓரத்து இட்லியை அலகால் குத்திவிட்டு, அவசரமில்லாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. பசியுள்ள காக்கை அப்படி நிற்காது.

காக்கைக்கு ஒரு வாய் வைப்பது எங்கள் வழக்கம். மூன்று இட்லி வைப்பது யாருடைய வழக்கமும் இல்லை. அந்த மூன்றும் சற்று முன்னால் நான் என் தங்கையின் தட்டில் வைத்தவை. அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு, கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தாள்.

பக்கத்துப் போர்ஷன் அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"உன் தங்கச்சிக்கு எம்மாம் பக்தி பாரு. தெனம் வெக்குது. எங்க ஊட்லயும் ஒண்ணு கீதே, துன்ன தட்டக்கூட எடுத்து வெக்காது."

"தெனமா?"

"இன்னாம்மா, உனுக்குத் தெரியாதா? ஊர் சேதியெல்லாம் பேப்பர்ல எழுதுற, உன் ஊட்டு சேதி உனுக்குத் தெரியல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது இது. நான் ஒரு தமிழ் நாளிதழின் திருவள்ளூர் மாவட்ட நிருபர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போர்ஷனில் தனியாக இருந்தேன். அவள் என் சித்தியின் மகள். வீடு கும்மிடிப்பூண்டி. சித்தப்பாவின் அப்பா அடுத்தவர் வயலில் நெல் அறுத்தவர். சித்தப்பா சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் ஷிப்டு வேலை. அவர் மகள் இன்ஜினியரிங். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் வந்து போக முடியாது என்று மூன்றாம் ஆண்டிலிருந்து என்னோடு இருந்தாள். இப்போது கடைசி ஆண்டு.

விரதம் வெள்ளிக்கிழமையில் ஆரம்பித்தது. அம்மனுக்கு ஒரு வேளை சாப்பாடு, சித்தி சொல்லிக்கொடுத்தது. கேம்பஸ் இன்டர்வியூவில் மகளுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று சித்தி பெரியபாளையத்தாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். பிறகு செவ்வாய் சேர்ந்தது. வியாழனுக்கு ஒரு குரு வந்தார். சனிக்கிழமை பெருமாளுக்கு. திங்கள் சிவனுக்கு. ஆடி பிறந்ததும் ஞாயிறும் அம்மனுக்கே போனது. வாரத்தில் சாமி இல்லாத நாள் புதன் மட்டும்தான் மீதி இருந்தது. காக்கையை நான் பார்த்தது ஒரு புதன்கிழமை.

ஒரு பெண் "எனக்குச் சோறு வேண்டாம்" என்று சொன்னால் எங்கள் வீடுகளில் ஆயிரம் கேள்வி வரும். "விரதம்" என்றால் ஒரு கேள்வியும் வராது. கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவள் அந்தக் கதவைச் சரியாகக் கண்டுபிடித்து, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே நின்ற எல்லாரும் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை அவள் வந்ததும் கேட்டேன்.

"காலைல இட்லி யாருக்குப் போட்டேன்?"

"எனக்கு."

"யார் சாப்பிட்டது?"

"காக்கா." பையை இறக்கி வைத்தாள். "விரதம்க்கா."

"இன்னிக்கு புதன்."

"புதனும்தான்."

பேட்டியில் பொய் சொல்பவர்களை எனக்குத் தெரியும். பதில் சொல்லுமுன் கேள்வியை ஒரு தடவை திருப்பிச் சொல்வார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. புதனும் விரதம்தான் என்று அவள் நம்பினாள்.

அப்போதுதான் அவளை ஒரு சம்பவ இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. சுடிதாரின் இடுப்பில் மூன்று ஊக்கு. திருவள்ளூர் வெயிலில் போட்டுப் போய்வந்து இப்போதுதான் கழற்றிய முழுக்கை ஸ்வெட்டர். கன்னத்தில் பூனைமுடி. குளியலறைச் சாக்கடைத் துளையில் கொத்தாக முடி அடைத்திருந்ததும், துணிக்கொடியில் மாதாமாதம் காயவேண்டிய துணி பல மாதமாகக் காயாததும் அப்போது நினைவுக்கு வந்தன.

"இவ்வளவு இளைச்சிருக்கியே, போதாதா?"

"இன்னும் நெறைய கீதுக்கா உடம்புல," என்று கையை நீட்டிக் காட்டினாள். அந்த மணிக்கட்டில் எலும்பும் தோலும் ஒரு சிவப்புக் கயிறும் இருந்தன.

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனேன். ஒரு கருத்தரங்குச் செய்தி எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். கருத்தரங்கை விட்டுவிட்டுப் பெண்கள் கழிப்பறைக்குப் போனேன். கை கழுவும் தொட்டிகளுக்கு மேலே சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: "வாஷ்பேசினில் உணவைக் கொட்டாதீர்கள். குழாய் அடைப்பு ஏற்படுகிறது. மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்." கீழே நிர்வாகத்தின் ரப்பர் ஸ்டாம்பு.

இரண்டு பெண்கள் கண்ணாடிமுன் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். என் தங்கையின் வகுப்பு. அவளுடைய அக்கா என்று சொன்னதும் முகம் கொடுத்துப் பேசினார்கள்.

"சாப்பாட்ட யாரு இங்க வந்து கொட்டுறது?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"கொட்டுறது இல்லக்கா," என்றாள் குட்டையானவள். "துன்னுட்டு வந்து வாந்தியா எடுக்குறது."

"எதுக்கு?"

"பிளேஸ்மென்ட் வருதுல்ல."

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கென்று சென்னையிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வருவார். ஆங்கிலம், கைகுலுக்குவது, உட்காருவது, நிற்பது எல்லாம் சொல்லித்தருவார். பெண்களை மேடைக்கு அழைத்து நிற்கவைத்து, "பிரசன்டபிளா இருக்காங்களா, சொல்லுங்க" என்று பையன்களைக் கேட்பதும் அந்தப் பயிற்சியில் ஓர் அங்கம்.

"உங்க தங்கச்சியத்தான்க்கா மொதல்ல நிக்க வெச்சாரு," என்றாள் மற்றவள். "'இன்டர்வியூ ரூம் கதவு சின்னதும்மா, நீ சைடா வந்தாதான் உண்டு'ன்னாரு. கிளாஸே சிரிச்சிச்சு. அன்னிலேர்ந்து பஸ்ல பசங்க அவ ஏறுனா 'ரைட்டு, டபுள் டிக்கெட்டு'ன்னு கத்துவானுங்க."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"நாங்களும்தான்க்கா சிரிச்சோம். சிரிக்கலன்னா அடுத்தது நம்மள இல்ல நிக்க வெப்பாரு?" என்றாள் குட்டையானவள்.

தன்னைப் பற்றி ஒளிக்காமல் பேசியவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். மதியம் நாலைந்து பெண்கள் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பங்குபோட்டுக்கொள்வது, வீட்டுச் சாப்பாட்டு டப்பாவைப் பஸ்ஸிலேயே காலி செய்வது, சாயங்காலம் ஸ்டேஷன் எடை மிஷினில் வரிசையாக ஏறுவது எல்லாம் அவள்தான் சொன்னாள். அந்த மிஷினை எனக்குத் தெரியும். காசு போட்டால் விளக்குகள் சுற்றும், ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். மற்றவர்கள் ஜோசியத்தைப் படித்துச் சிரித்துவிட்டு அட்டையைத் தூக்கிப் போடுவார்கள். இந்தப் பெண்கள் மறுபக்கம் திருப்பிப் பார்ப்பதே இல்லையாம்.

நிர்வாகத்துக்குக் குழாய் அடைத்தது தெரிந்திருந்தது. பிளம்பரைக் கூப்பிட்டார்கள், நோட்டீஸ் அடித்தார்கள், ஸ்டாம்பு போட்டார்கள். எதனால் அடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளை பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். கேஸ் டிரபிள் என்றார். சத்து மாத்திரை எழுதிக்கொண்டே என்னிடம், "வயசுப் பொண்ணு. காலாகாலத்துல கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் செட் ஆயிடும்," என்றார்.

"கல்யாணம் ஒரு நாளைக்கு எத்தனை வேளை, டாக்டர்?" என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவர் நிமிர்ந்து பார்த்து, "பிரஸ்ஸா?" என்றார். தங்கை என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியின் வேண்டுதல். பெரியபாளையத்தில் ஆடி ஞாயிறு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாட்டுவண்டி, டெம்போ, மஞ்சள் புடவை, ஆற்றுமணலில் பொங்கல் புகை. உடம்பெல்லாம் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு அம்மனைச் சுற்றி வருவார்கள். போனில் சித்தியிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். சாமி காரியத்தில் சண்டை எடுபடவில்லை. தங்கைக்கு வேப்பிலை கட்டியாயிற்று. முந்தின நாளிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், சித்திக்கும் தெரியும். எனக்கு அது பயம். சித்திக்குப் பெருமை.

பாதிச் சுற்றில் அவள் நடை தள்ளாடியது. கண் மேலே செருகியது. நான் பிடிப்பதற்குள் விழுந்தாள்.

பின்னால் வந்த பெண் ஒருத்தி பெருங்குரலில், "ஆத்தா வந்துட்டாடீ!" என்றாள். குலவை எழுந்தது. எங்கிருந்தோ பம்பைக்காரர் ஒருவர் வந்துவிட்டார். சுற்றி வட்டம் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி நெற்றி நிறையக் குங்குமம் அப்பினாள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள்.

"தள்ளுங்க, மயக்கம். ரெண்டு நாளா சாப்பிடல," என்று கத்தினேன்.

"ஏம்மா, ஆத்தாவப் போயி மயக்கம்ன்றியே. கன்னத்துல போட்டுக்க."

"தாயே, நீ யாரு? எந்த ஊர்லேர்ந்து வந்துகினு கீற? சொல்லு தாயே, எம் பொண்ணுக்கு எப்ப நல்லது நடக்கும்?"

தங்கையின் உதடு அசைந்தது. "தண்ணி" என்றாள். நான் தெளிவாகக் கேட்டேன். அந்த வட்டத்தில் இருந்த எல்லாரும் தெளிவாகக் கேட்டார்கள்.

"தண்ணின்றா! இந்த வருசம் நல்ல மழ கீதுடீ!"

குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். வாயில் ஒரு சொட்டு ஊற்றவில்லை. நான் முழங்காலில் ஊர்ந்து உள்ளே போய், கைப்பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தேன். அப்போது ஒரு ஃபிளாஷ் அடித்தது. கேமராவைப் பிடித்திருந்தவர் எங்கள் பத்திரிகையின் தலைமை அலுவலகப் புகைப்படக்காரர். என்னைப் பார்த்து, "நீங்களும் வந்திருக்கீங்களா? சூப்பர் படம்," என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்கு வண்ணப் படம் வந்தது. நான் நீட்டிய பாட்டிலை வெட்டிவிட்டு அவள் முகத்தை மட்டும் வைத்திருந்தார்கள். கீழே: "ஆடி ஞாயிறு: பெரியபாளையத்தில் அருள் வந்து ஆடிய பெண் பக்தர்." அந்தப் பத்திரிகையில் ஒரு சாதாரணப் பெண்ணின் படம் மூன்று பத்திக்கு வரவேண்டுமானால் ஒன்று அவள் செத்திருக்கவேண்டும், அல்லது சாமியாகியிருக்கவேண்டும்.

செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தேன். அது என் தங்கை, அவள் ஆடவில்லை, பட்டினியில் விழுந்தாள், அவள் கல்லூரியில் இன்னும் பல பெண்கள் இப்படி இருக்கிறார்கள், எழுதித் தருகிறேன் என்றேன்.

"பட்டினின்னா வறுமை இருக்கணும்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அதே குரல். "சோறு இருந்தும் சாப்பிடாததுக்கு நியூஸ் எதுக்கு? பெண்கள் பக்கத்துக்கு வேணா எழுதிக் குடு."

பெண்கள் பக்கத்தில் அந்த வாரம் இடை மெலிய ஏழு எளிய வழிகள் வந்திருந்தன.

படம் வந்த பிறகு சித்தி மகளைத் திருவள்ளூருக்கு அனுப்பவில்லை. கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு ஆடி முடியும்வரை வீட்டோடு வைத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனபோது வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. முன்னறைச் சுவரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, லேமினேட் செய்து, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்குக் கீழே பலகையில் மஞ்சள் புடவையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தொழிலாளர் குடியிருப்புப் பெண்கள் எதிரே தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, குறி கேட்டுக்கொண்டிருந்தார்கள். புருஷன் குடியை விடுவானா, கான்ட்ராக்ட் வேலை பெர்மனன்ட் ஆகுமா. அவள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஆகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. அதுவும் சக்தி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆத்தா அதிகம் பேசமாட்டாளாம்.

ஒரு பெண் தன் மகளை முன்னால் தள்ளினாள். பள்ளிக்கூடச் சீருடை, பூசின உடம்பு, துப்பட்டாவை இழுத்து இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை.

"இத்தப் பாரு தாயே, எப்டி ஊதிகினு கீது பாரு. ரெண்டாள் சோறு துன்னுது. நாளிக்கு எவன் கட்டுவான்? உன்ன மாரி ஆக்கி உடு தாயே."

தங்கை கண்ணைத் திறந்தாள்.

"இன்னா படிக்கிற?"

"டென்த்."

"காலைல இன்னா துன்ன?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. "நாஷ்டா துன்னல. அம்மா வோணாம்னுச்சு."

தூரத்தில் ஏதோ ஆலையில் சங்கு ஊதி நின்றது. அவள் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணக் குரலில், என்னோடு சமையலறையில் பேசுகிற குரலில், சொன்னாள்: "எனக்கு சாமியெல்லாம் ஒண்ணும் வரல. எனக்குப் பசிக்குது."

"ஆத்தாவுக்குப் பசிக்குதாம்!" என்று ஒருத்தி எழுந்தாள். "படையல் கேக்குறாடீ!"

சித்தி உள்ளே ஓடி இலை நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். கூட்டம் கையைக் கூப்பிக்கொண்டு பார்த்தது. அவள் ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய் எடுத்தாள். மூன்றாவது வாயை விழுங்கியதும் முகம் மாறியது. எழுந்து பின்பக்கம் ஓடினாள். அடிபம்புக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுக்கும் சத்தம் முன்னறைவரை கேட்டது.

"ஊர் விஷத்தையெல்லாம் எடுத்து வெளிய போட்டுட்டாம்மா ஆத்தா," என்றாள் ஒரு பெண், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

"எழுந்திருங்க. எல்லாரும் வெளியே போங்க," என்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. கடைசி ஆள் படி இறங்கியதும் கதவைச் சாத்தினேன்.

சித்தி என்மேல் பாய்ந்தாள். "சாமி குத்தம்டீ! நீ பேப்பர்காரி, எத்தையும் நம்பமாட்ட. நாங்க இந்தத் தெருவுக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது, ஒருத்தி எங்கள நிமிந்து பாத்துகீறாளா? இன்னிக்கு எம் பொண்ணு கால்ல உழுறாளுங்க. அத்தக் கெடுக்க வந்துட்டியா?"

"அவ செத்துட்டா யார் கால்ல விழுவாங்க, சித்தி?"

சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். அந்தத் தெருவில் அவள் தலை நிமிர்ந்த ஒரே மாதம் அது. அதற்குப் பணயம் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டர் கேஸ் என்றார், பத்திரிகை அருள் என்றது, கல்லூரி குழாய் என்றது. படித்தவர்கள் இத்தனை பேர் சொல்லாததைச் சித்தி எங்கே போய்த் தெரிந்துகொள்வாள்? என் கோபம் சித்தியைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய் அவர்கள்மேல்தான் விழுந்தது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

பின்பக்கம் போனேன். பம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு எத்துக்குக்கா என்ன மாரி ஆவணும்?" என்றாள். பிறகு, "அக்கா, என்ன எங்கனா கூட்டிக்கினு போ."

சித்தப்பா ஷிப்டு முடிந்து வந்தார். சட்டையில் இரும்புத் தூள். மனநல மருத்துவரிடம் போகவேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முதலில் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டரா? வெளிய தெரிஞ்சா இவள எவன் கட்டுவான்?"

"நைனா," என்றாள் அவள். "நான் செத்தா எவன் கட்டுவான்?"

அவர் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தார். மறுபடி எடுத்து, மறுபடி மடித்தார். மறுநாள் காலை நாங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போகுமுன் அவர் அங்கே நின்றிருந்தார். சென்னையில் அந்த அரசு மருத்துவமனை வாசலில் நாள் முழுக்க நின்றார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

உள்ளே ஒரு பெண் மருத்துவர். முதல் வேலையாக என்னையும் சித்தியையும் வெளியே போகச் சொன்னார். வெகுநேரம் அவளோடு தனியாகப் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"இது பிடிவாதம் இல்ல, பக்தியும் இல்ல. நோய். இதுல உயிர் போகும். நாடித்துடிப்பு ரொம்பக் கம்மியா இருக்கு. இப்பவே சேக்கணும்."

பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சோறு போடுவதும் ஆபத்து என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆசிரியர் பயிற்சி மாணவி இருந்தாள். அவள் வீட்டில் அதற்குச் செய்வினை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னவை கேட்க எளிதாக இருந்தன. அவள் தனியாகச் சாப்பிடக்கூடாது. ஒருவர் கூட உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடவேண்டும். அப்போது சோற்றைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பேச்சு கூடாது. சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருக்கவேண்டும், டிவி பார்க்கலாம், சீட்டாடலாம். எடை மிஷின் பக்கம் போகக்கூடாது. மருத்துவர் எடை பார்ப்பார், அவள் எண்ணுக்கு முதுகு காட்டி நிற்பாள். விரதம் எந்தச் சாமிக்கும் கிடையாது. பேச்சு சிகிச்சைக்கு வாரம் ஒருமுறை வரவேண்டும், குடும்பமும் சேர்ந்து.

சித்தி விரதத்தை விட்டதற்குப் பரிகாரமாகத் தான் மட்டும் ஒரு நாள் ஒரு பொழுது இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டாள். "அவ கண்ணு முன்னால வேண்டாம்மா," என்றார் மருத்துவர்.

கஷ்டமாக இருந்தது பேச்சை நிறுத்துவதுதான். எங்கள் வீடுகளில் வாசல்படி ஏறும்போதே "இன்னா இப்டி எளச்சிட்ட?", "இன்னா இப்டி ஊதிட்ட?" என்றுதான் வரவேற்போம். சௌக்கியமா என்று கேட்பது அதற்கு அப்புறம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தங்கையைப் பார்த்து உறவுக்காரி ஒருத்தி, "இப்பதான் கொஞ்சம் சதை போட்டு லட்சணமா கீற," என்றாள். அன்று இரண்டு வேளை அவள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு சித்தப்பா வாசலிலேயே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "உள்ள போயி உடம்பப் பத்தி பேசாத, மழயப் பத்தி பேசு" என்று சொல்லி அனுப்பினார். அந்தத் தெருவில் அவரைக் கிறுக்கன் என்றார்கள்.

கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்தேன். பெண்களுக்கு ஓர் ஆலோசகர் வையுங்கள், மதிய இடைவேளையைக் கூட்டுங்கள், அந்தப் பயிற்சியாளர் பெண்களை மேடையில் நிற்கவைப்பதை நிறுத்துங்கள், மயங்கி விழும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள் என்றேன்.

"இது இன்ஜினியரிங் காலேஜ் மேடம், ஆஸ்பத்திரி இல்ல," என்றார். "இதெல்லாம் வெளிய வந்தா நம்ம பொண்ணுங்க பேருதான் கெடும். நீங்களும் ஒரு பொண்ணு, யோசிங்க."

யோசித்தேன். அடுத்த முறை போனபோது கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் இல்லை. குழாயில் வலை மாட்டியிருந்தார்கள். பயிற்சியாளர் அந்த ஆண்டும் வந்தார், அதற்கு அடுத்த ஆண்டும் வந்தார். என் தங்கையின் துறையில் ஒரு விரிவுரையாளர் மட்டும், யாரிடமும் உத்தரவு கேட்காமல், மதியத்தில் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து உட்கார்ந்துகொள்வார். பெண்கள் தங்கள் டப்பாவோடு வந்து உட்காரலாம். அங்கே யாரும் யார் டப்பாவையும் எட்டிப் பார்க்கக்கூடாது. கழிப்பறையில் என்னோடு பேசிய குட்டையான பெண்ணும் அங்கே போனாள் என்று கேள்விப்பட்டேன்.

தங்கை ஓர் ஆண்டு தள்ளிப் பரீட்சை எழுதினாள். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகவில்லை. சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே இன்டர்வியூ அறைக் கதவு எவ்வளவு அகலம் என்று நான் கேட்டதற்கு, "லாரி வரும்க்கா," என்று சிரித்தாள். பெரும்பாலான நாள் மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். முடியாத நாளில் எனக்குப் போன் செய்து "இன்னிக்கு முடிலக்கா" என்கிறாள். விரதம் என்று சொல்வதில்லை.

அந்தப் படம் சித்தி வீட்டு முன்னறையில் இருக்கிறது. எடுத்துவிடு என்று தங்கை கேட்டாள், நான் கேட்டேன், சித்தப்பாவும் கேட்டார். வெள்ளிக்கிழமை தோறும் சித்தி அதற்குப் பூ வைக்கிறாள்.